தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது

பரமத்தி வேலூர்ப் பக்கம் செங்கோடனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் 'மிலிட்டரி'தான். அந்தக் கூப்பாட்டில் மரியாதை பாதி, பட்டாளத்துக் கேண்டீன் சரக்குப் பாட்டில் பாதி. மாசம் பிறந்த முதல் வாரத்தில் 'வாங்க மிலிட்டரி, உக்காருங்க' என்று பெஞ்சைத் துடைத்து விடுகிற டீக்கடை, பாட்டில் தீர்ந்த பிறகு 'ஏப்பா மிலிட்டரி, அக்கட்டால நவுந்து நில்லு' என்று சொல்லும். ஊரின் தேசபக்தி அவ்வளவுதான். செங்கோடன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டார் என்பது ஊருக்குக் கிடைத்த இன்னொரு பாக்கியம்.

எந்த ரெஜிமெண்ட் என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் செங்கோடனும் சண்டைக்கு வருவார், அவருடைய மச்சினன் பிரபாகரும் வருவார், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் தனித்தனியாக வருவார்கள். தென்னாட்டு ஆட்கள் நிறைந்த பழைய காலாட்படை ரெஜிமெண்ட் என்று சொன்னால் போதும். கும்பினிக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. பயிற்சிக்குச் சேர்ந்தவுடனே அந்தச் சரித்திரத்தை எல்லாம் மனப்பாடம் பண்ண வைத்தார்கள். எந்தக் கோட்டையை யார் பிடித்தார்கள், எந்த ஆற்றைக் கடந்து எவனை விரட்டினார்கள் என்று செங்கோடன் இன்றைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். வண்டி ஆர்.சி. புத்தகத்தை எங்கே வைத்தார் என்று கேட்டால்தான் விழிப்பார்.

பட்டாலியன் வாழ்க்கை அவருக்குப் பிடித்திருந்தது. லங்கர் என்கிற சமையல் கொட்டகையில் மலையாளத்தான் சமைப்பான், தெலுங்கன் காரம் பத்தவில்லை என்பான், கன்னடத்தான் சாம்பாரில் வெல்லம் போடச் சொல்லுவான், தமிழன் எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே மூன்று தட்டு வாங்கிச் சாப்பிடுவான். நாலு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது இந்தி. அதை இந்தி என்று எந்த இந்திக்காரனும் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. ரெஜிமெண்ட் நாள் வந்தால் பராக்கானா என்ற பெரிய விருந்து நடக்கும். அன்றைக்கு அதிகாரிகள் கையில் வாளி தூக்கிக்கொண்டு ஜவான்களுக்குப் பரிமாறுவார்கள். ஒரு பராக்கானாவில் கர்னல் சாப் தன் கையால் செங்கோடன் தட்டில் கறி அள்ளிப் போட்டு, 'இன்னும் வேணுமா' என்று கேட்டார். செங்கோடன் வாழ்க்கையில் அவரைப் பார்த்து 'இன்னும் வேணுமா' என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

உத்தியோக உயர்வு மட்டும் அவரிடம் ஒட்டவில்லை. நாயக் பதவியோடு நின்றுபோனார். அதற்கு மேலே ஹவில்தார் ஆக வேண்டுமென்றால் வரைபடம் படிக்கிற பரீட்சையில் தேற வேண்டும். செங்கோடன் வடக்கைச் சூரியனை வைத்துக் கண்டுபிடிக்கிறவர். அவர் பரீட்சை எழுதப் போன போதெல்லாம் மழை பெய்தது.

லீவில் வந்தபோது தமிழ்ச்செல்வியைக் கட்டினார். தமிழ்ச்செல்விக்கு ஒரே தம்பி, பிரபாகர். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யச் சொன்னால் வரப்பில் படுத்து வானத்தைப் பார்க்கிற ரகம். அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிடுவதாகச் செங்கோடன் மாமனாரிடம் வாக்குக் கொடுத்தார். சேலத்தில் ஆள் எடுக்கிற மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஓட்டத்தில் பையன் முதலாவதாக வந்தான், எடையில் கொஞ்சம் குறைந்தான். அதற்கெல்லாம் நம் பக்கத்தில் வைத்தியம் இருக்கிறது. வேலூரிலிருந்து முன்யோசனையாகக் கொண்டுவந்திருந்த பூவன் தாரைச் செங்கோடன் அவிழ்த்தார். பையன் தின்றான், தண்ணீர் குடித்தான், மறுபடி தின்றான், ஒரு மரத்தடியில் போய் வாந்தி எடுத்தான். வெயிலில் தலை சுற்றியது. செங்கோடன் தன் துண்டை நனைத்து அவன் தலையில் உருமால் கட்டிவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு பையன் சொன்னான்: "மாமா, இன்னும் ரெண்டு பழம் குடுங்க."

எடை சரியாக நின்றது. தராசில் நின்றது பாதி பிரபாகர், பாதி பூவன் பழம். இந்திய ராணுவம் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

ஒரே குடும்பத்து ஆட்களை ஒரே பட்டாலியனில் போடுவது அந்த ரெஜிமெண்டின் பெருமைகளில் ஒன்று. சண்டை வந்தால் சொந்தக்காரனை விட்டுவிட்டு எவனும் ஓடமாட்டான் என்று எந்தக் காலத்திலோ எந்த வெள்ளைக்காரனோ கணக்குப் போட்டிருக்கிறான். அவனுக்கு நம் ஊர்ச் சொந்தபந்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மச்சினன் மாமனின் பிளட்டூனுக்கே வந்து சேர்ந்தான். வரைபடம் அவனுக்குக் கைரேகை மாதிரி. மளமளவென்று ஏறினான். செங்கோடன் நாயக்காகவே இருக்க, பிரபாகர் அவருக்கு மேலே ஹவில்தார் ஆனான்.

ஹவில்தார் ஆன முதல் வாரம், சாயங்கால ரோல்கால். பிரபாகர் பெயர்களை வாசிக்கிறான். 'நாயக் செங்கோடன்' என்றதும் செங்கோடன், ஊர்ப் பழக்கத்தில், வாய் நிறையச் சந்தோஷத்தோடு, "இருக்கறேன் மாப்ள" என்றுவிட்டார்.

பிளட்டூனே சிரித்தது. பிரபாகருக்கு முகம் செத்துப்போனது. சட்டைக் கையில் தைத்த புதுப் பட்டையின் நூல்கூட இன்னும் படியவில்லை, அதற்குள் மாப்பிள்ளை முறையா? ரைபிளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னான். செங்கோடன் ஓடினார். ஓடியதில் அவருக்கு வருத்தம் இல்லை, கட்டளை கட்டளைதான். ரோல்கால் முடிந்ததும் மச்சினன் ஜவான்கள் தங்கும் பேரக்குக்கு வந்து, 'மாமா, மனசுல வெச்சுக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். அவன் வரவில்லை. அதற்குப் பிறகு லீவில் ஊருக்கு வந்தாலும், அக்கா வீட்டில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டாலும், 'நாயக் செங்கோடன்' என்றுதான் அழைத்தான். மாமா என்ற சொல்லை மைதானத்திலேயே புதைத்துவிட்டான் போலிருந்தது. செங்கோடன் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்.

இப்போது அவருக்கு நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து வாசலில் காவல் வேலை. கழுத்தில் விசில், தலையில் நீலத் தொப்பி. தாளாளர் காருக்குச் சல்யூட், அவர் மனைவி காருக்குச் சல்யூட், பணம் கட்ட வரும் பெற்றோர் காருக்கும் சல்யூட். காலையில் வரிசையாக வரும் வேன்களுக்குப் பழக்க தோஷத்தில் ஆளே பார்க்காமல் அடித்துவிடுவார்.

பிரபாகர் சுபேதார் மேஜர் வரைக்கும் போய், ஆனரரி கேப்டன் என்ற கௌரவப் பதவியோடு ஓய்வு பெற்று வந்தார். நாமக்கல்லில் வீடு கட்டினார். வீட்டைவிடப் பெயர்ப்பலகை பெரிது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், போய்ப் பாருங்கள். வந்த கையோடு காலாட்படை முன்னாள் வீரர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவரும் ஆனார். கூட்டத்தில் பதவி வாரியாக நாற்காலி. கேப்டனுக்குக் கைவைத்த நாற்காலி, சுபேதார்களுக்குக் கைவைக்காத நாற்காலி, மற்றவர்களுக்கு மண்டபத்து பெஞ்சு. யுத்தத்தில் குண்டு வந்தால் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கும், சங்கத்துக்கு அப்படிப்பட்ட குறைபாடு கிடையாது.

போன ரெஜிமெண்ட் நாளன்று தலைவர் உள்ளே வந்தபோது எல்லாரும் எழுந்தார்கள். செங்கோடன் பெஞ்சில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

"நாயக் செங்கோடன், எந்திரிச்சு நிக்கோணும்னு தெரியாதா?" என்றார் பிரபாகர்.

"பராக்கானாவுல கர்னல் சாப்பே எனக்குக் கறி போட்டாருங்க. நீங்க மிக்சராவது போட்டுட்டு அப்பறம் அதிகாரம் பண்ணுங்க," என்றார் செங்கோடன்.

அதோடு முடிந்தது. முறைப்படி மரியாதை செலுத்தாத வரைக்கும் அந்த ஆள் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று பிரபாகர் கூட்டத்திலேயே அறிவித்தார். சங்கம் கைதட்டியது. மிக்சர் தீர்ந்துவிட்டதால் வேறு வேலை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் செங்கோடனின் மகள் சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கௌசிக், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். நல்ல இடம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைகூட ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம், தாய்மாமன் வராமல் ஒன்றும் நடக்காது. சீர்த்தட்டோடு அவர் வந்து நின்றால்தான் பெண்ணை மணவறைக்கு அழைப்பார்கள். சண்முகப்பிரியாவுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் ஆனரரி கேப்டன் பிரபாகர்.

"எந்தம்பி வராம எம்புள்ளையை மணவறைக்கு அனுப்பமாட்டேன்," என்று தமிழ்ச்செல்வி சொல்லிவிட்டாள். "சொந்தம், ஒறம்பரை மொத்தமும் கேக்கும். பதில் நீங்க சொல்லுவீங்களா?"

புருஷனும் பெண்டாட்டியும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை வைத்த தட்டோடு நாமக்கல் போனார்கள். தட்டு செங்கோடன் கையில். பிரபாகர் லுங்கியோடு முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சௌந்தர்யா, "வாங்கண்ணா, வாங்க நங்கை," என்று நாத்தனாரையும் அவள் புருஷனையும் வரவேற்றுவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். பிரபாகர் பேப்பரை மடித்தார், எழுந்திருக்கவில்லை.

"நாயக் செங்கோடன். மேலதிகாரியப் பார்த்தா என்ன பண்ணோணும்?"

செங்கோடன் வாசலிலேயே விறைப்பாக நின்றார். "தலையில தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாதுன்னு ரூலுங்க. கையில தட்டு வேற இருக்குது. சாவ்தான்ல வெறப்பா நிக்கலாம். நின்னுட்டுத்தான் இருக்கறேன்."

ரூல் சரிதான். ரூல் என்று வந்தால் பிரபாகரால் மறுக்க முடியாது, அவர் வாழ்க்கையே அதன் மேல்தான் நிற்கிறது. கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ஊட்டுக்குப் போயி தொப்பி போட்டுட்டு வரோணும்."

"வாரேனுங்க. ஆனா நான் அடிச்சா நீங்க திருப்பி அடிக்கோணுமே. உங்க தலையிலயும் ஒண்ணும் இல்லீங்களே."

பிரபாகரின் தலை நாலைந்து வருஷமாக வழுக்கை. செங்கோடன் தொப்பியைத்தான் சொன்னார் என்று கோயிலில் சத்தியம் பண்ணத் தயார். ஆனாலும் பிரபாகரின் கை தானாகத் தலைக்குப் போனது. பிரபாகர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சௌந்தர்யாதான் தட்டை வாங்கிக்கொண்டாள்.

இருவரும் வேலூர் பஸ் ஏறினார்கள். இறங்கும்போது தமிழ்ச்செல்வி சொன்னாள்: "அவன் தலையப் பத்திப் பேசாம இருந்திருக்கலாமில்ல."

ரெண்டு நாள் கழித்து சௌந்தர்யா போன் செய்தாள். "என்ன சொன்னாலும் அவிய கேக்கமாட்டீங்கறாங்க நங்கை. சீர் கொண்டாராம இருக்கமாட்டாங்களாம். மண்டபத்து வாசல் வரைக்கும் வருவாங்களாம். அண்ணன் சல்யூட் அடிச்சாத்தான் உள்ள காலெடுத்து வெப்பாங்களாம்."

தமிழ்ச்செல்வி போனை வைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷனின் நீலத் தொப்பியைக் கையில் எடுத்தாள்.

"ஏனுங்க, தெனமும் பள்ளிக்கூடத்து வேனுக்கெல்லாம் சல்யூட் அடிக்கறீங்க. எந்தம்பிக்கு ஒண்ணு அடிச்சா என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

செங்கோடன் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "வேனு ஒருநாளும் எம்பட மாப்பிள்ளையா இருந்ததில்ல புள்ள," என்றார்.

சல்யூட் பெரிய விஷயமே இல்லை, கையைத் தூக்கினால் முடிந்தது, அது அவருக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை அந்தப் பயல் மாமா என்று வாய் திறந்து கூப்பிட்டுவிட்டால் நாள் முழுக்கக் கூட நின்று அடிக்கத் தயாராக இருந்தார். அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கேட்டு வாங்குகிற முறைக்கு முறை என்று பேரா?

கல்யாணத்தன்று காலையில் மேளக்காரர்கள் ஊதிக்கொண்டிருக்க, தாய்மாமன் சீர் வந்தது. பட்டு வேட்டி, அதற்கு மேலே கறுப்புக் கோட்டு, கோட்டில் வரிசையாக மெடல்கள், தலையில் ரெஜிமெண்ட் தொப்பி. மேல்பாதி பரேடுக்கும் கீழ்பாதி பந்திக்கும் கிளம்பியது போல இருந்தார் பிரபாகர். இந்தத் தடவை தொப்பி விஷயத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தயாராக வந்திருந்தார். இரண்டு கையிலும் கனமான தட்டு: கூறைப்புடவை, தேங்காய், பழம், பூ. வாசல் கோலத்துக்கு ஒரு அடி முன்னால் நின்றார். அதற்கு மேல் நகரவில்லை.

உள்ளே செங்கோடன் நின்றார். பெண்ணின் அப்பா என்பதால் அவர் தலையில் காலையிலேயே உருமால் கட்டிவிட்டிருந்தார்கள். நடுவில் கோலம். ஒறம்பரை மொத்தமும் இரண்டு பக்கமும் கூடிவிட்டது. ஜன்னல் வழியாகச் சண்முகப்பிரியா எட்டிப் பார்த்தாள். தமிழ்ச்செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் வாய் எதையோ வேண்டிக்கொண்டிருந்தது. முகூர்த்த நேரம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேளக்காரர் மட்டும், நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால், சளைக்காமல் ஊதினார்.

கல்யாணச் சடங்குகளை நடத்துகிற அருமைக்காரர் சின்னுசாமிக்குப் பொறுமை கிடையாது. அவருக்கு அன்றைக்கே இன்னொரு கல்யாணம் இருந்தது. ஒரு புது உருமாலைச் செங்கோடன் கையில் திணித்தார்.

"மாமனுக்கு உருமால் கட்டி உள்ள கூட்டிட்டு வாங்க. ஏனுங்க சாமி, அந்தத் தொப்பியக் கழட்டுங்க. தொப்பி மேல உருமால் கட்ட முடியாது."

"இது ரெஜிமெண்ட் தொப்பி," என்றார் பிரபாகர்.

"இது கண்ணாலம்," என்றார் சின்னுசாமி.

பிரபாகர் கையில் தட்டு இருந்ததால் சௌந்தர்யா பின்னாலிருந்து எட்டித் தொப்பியைக் கழற்றினாள். வெயிலில் அந்தத் தலை வியர்த்திருந்தது. செங்கோடன் கோலத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்து உருமாலைச் சுற்ற ஆரம்பித்தார். சேலத்து மைதானத்தில் நனைத்த துண்டைக் கட்டிய தலை இது. அப்போது முடி அடர்த்தியாக இருந்தது, பழ நாற்றம் அடித்தது. பிரபாகர் கண்ணைத் தட்டை விட்டு எடுக்கவில்லை. அவருக்கும் அது ஞாபகம் வந்ததோ என்னவோ, தேங்காய் தட்டில் லேசாக உருண்டது.

முடிச்சைப் போட்டுவிட்டுச் செங்கோடன் பின்னால் நகர்ந்தார். இப்போது இரண்டு தலையிலும் துணி இருந்தது. மகளை ஒரு தரம் பார்த்தார். வெறுங்காலை ஒன்றோடு ஒன்று சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, சல்யூட் அடித்தார். பள்ளிக்கூடத்து வேனுக்கு அடிக்கிற சல்யூட் இல்லை. கர்னல் சாப் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

மேளம்கூட நின்றுவிட்டது.

சல்யூட்டை வாங்கியவர் திருப்பி அடிக்க வேண்டும். அவர் அடிக்கிற வரைக்கும் கீழே இருக்கிறவன் கையை இறக்கக் கூடாது. பிரபாகரின் இரண்டு கையிலும் தட்டு. சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாது, அது அபசகுனம். செங்கோடன் நெற்றியில் கையோடு நின்றார். பிரபாகர் தட்டோடு நின்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. செங்கோடனின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது, வயசு ஆகிறதல்லவா. அதைப் பிரபாகர் பார்த்தார். ரைபிளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை அது. அவர் உதடு கோணிக்கொண்டது.

"மாமா," என்றார். "கையக் கீழ எறக்குங்க மாமா. இந்தத் தட்டக் கொஞ்சம் புடிங்க."

செங்கோடன் கையை இறக்கித் தட்டை வாங்கினார். உடனே பிரபாகர் விறைத்து நின்று அவருக்குச் சல்யூட் அடித்தார். இப்போது செங்கோடன் கையில் தட்டு, அவரால் திருப்பி அடிக்க முடியவில்லை. ரூல்படி பார்த்தால் அன்றைக்கு அடித்த இரண்டு சல்யூட்டும் செல்லாது.

"பரேடு முடிஞ்சுதுங்களா?" என்றார் சின்னுசாமி. "பொண்ணு காத்துட்டிருக்குது."

செங்கோடன் நகரவில்லை. "என்னமோ சொன்னியே."

"தட்டப் புடிங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னால."

பிரபாகர் உருமால் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெடல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. "ஒறம்பரையெல்லாம் பார்க்கறாங்க," என்று மெதுவாகச் சொன்னார். "உள்ள நடங்க, மாமா."

"வாரேன் மாப்ள," என்றார் செங்கோடன்.